திருவேங்கடம் சார் கேட்ட வரைபடம்

மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே பதினாறு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யாருக்கு எந்தச் சான்றிதழ் வரவில்லை, யார் வீட்டுக் குடிநீரில் சாக்கடை கலக்கிறது, எந்த அண்ணன் தம்பிக்குள் சுவர்த் தகராறு என்பதெல்லாம் என் மிஷின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்துதான் அந்த அலுவலகத்துக்குள் போகும். அடுத்தவர் மனுவைப் படிக்கக் கூடாது என்றுதான் நினைப்பேன். கண் சும்மா இருந்தால்தானே! அதிலும் ஆறு பக்க மனுவைப் பதினைந்து பிரதி எடுக்கச் சொன்னால், யாராக இருந்தாலும் படித்துவிடுவார்கள்.

அப்படி ஆறு பக்கம் கொண்டுவந்தவர் திருவேங்கடம் சார். எங்கள் தெருக்காரர்தான், என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர், கடைசிப் பன்னிரண்டு வருஷம் தரப் பரிசோதகர். ஓர் உதிரிபாகம் மயிரிழை தடித்திருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. குவார்ட்டர்ஸில் தன்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ரிஜெக்ட் சார்" என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளம் வந்த மறு வருஷம் எங்கள் தெருவில் வீடு கட்டினார். என் வீட்டுக் கட்டில் மிதந்த கதையை நான் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பயந்துபோய்த் தரையைத் தெரு மட்டத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினார். வாசலில் நாலு படி. அந்த நாலு படியை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை, அவர் மனைவி பத்மா அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வரும்வரை.

அக்காவுக்கு இடது கையும் இடது காலும் போய்விட்டன. பேச்சு மெதுவாகத் திரும்பியது. முகப்பேரில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாரம் இரண்டு நாள் போக வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு ஆண்கள் அந்த நாலு படியில் தூக்கி இறக்குவார்கள். இறக்கும்போது அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். விழுந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். பயம் இல்லையாம், வெட்கமாம். தெருவே பார்க்கத் தன்னைச் சாமான்போலத் தூக்குகிறார்களே என்ற வெட்கம். மூன்று வாரத்தில் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன்பின் நாலு மாசம் அவர் வாசலுக்கு வெளியே வரவில்லை.

அப்போதுதான் சார் சாய்தளம் கட்டினார். இரண்டடி உயரத்துக்கு இருபத்து நாலு அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி பத்திரமாக இறங்கும் என்று கணக்குப் போட்டார். முன்பக்கம் அவ்வளவு இடம் இல்லை. அதனால் வாசலிலிருந்து பக்கச் சுவரோரம் போய், அங்கே ஒரு மேடையில் திரும்பி, கேட்டுக்கு வந்து சேரும்படி மடித்துக் கட்டினார். கொத்தனார் போட்ட சிமெண்டை இரண்டு தடவை உடைத்து மறுபடி போடச் சொன்னார். அந்தக் கொத்தனார் இப்போதும் எங்கள் தெருவுக்கு வேலைக்கு வர யோசிக்கிறார். ஆனால் அந்தச் சாய்தளம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் பத்மா அக்கா தெருமுனைவரை வந்து, காய்கறி வண்டியில் தானே கத்தரிக்காய் பொறுக்கி வாங்கினார். மறுநாள் சிகிச்சைக்கும் கிளம்பினார்.

இந்த ஆடியில் மழைநீர் வடிகால் வேலை வந்தது. வடிகால் எங்கள் பக்கம் மட்டும்தான். ஒப்பந்ததாரரின் மேஸ்திரி கோவிந்தராஜ் ஒரு நாள் காலையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து வீட்டுக்கு வீடு கோடு போட்டுக்கொண்டே போனார். என் வீட்டு மூன்று படியும் கோட்டுக்குள் போயின. திருவேங்கடம் சார் வீட்டில் கோடு கேட்டைத் தாண்டி உள்ளே போய், திரும்பும் மேடையின் நடுவில் விழுந்தது.

"இது படி இல்லப்பா. என் ஒய்ஃப் வெளியே வர்ற வழி இது ஒண்ணுதான்" என்றார் சார்.

"நான் இன்னா சார் பண்றது? ரோடு முப்பது அடி. நடுவுலருந்து பதினஞ்சு அடி புட்ச்சா கோடு இங்கதான் வுயுது. எல்லார் ஊட்டுதும் போவுது, உங்குளுதும் போவும். எதுனா கேக்கணும்னா ஆபீஸ்ல போய்க் கேளுங்க."

மேடை போனால் சாய்தளம் திரும்ப இடமில்லை. திரும்ப இடமில்லை என்றால் சாய்தளமே இல்லை. மறுபடி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான். இல்லை, அதுவும் கிடையாது. அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். அது சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் சார் ஒரு மனு கொடுத்தார். ரசீது கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. பிறகு யாரோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள், முப்பது நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சொல்ல, உட்கார்ந்து அந்த ஆறு பக்கத்தை எழுதினார்.

முதல் பக்கத்தில் அவர் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்த தேதி. இரண்டாம் பக்கத்தில் வாங்கிய பாராட்டுச் சான்றிதழ்கள். மூன்றில் வெள்ளம். நாலில் பக்கவாதம். அதற்கப்புறம் எல்லாம் கேள்வி. ஏன் என் வீட்டில் மட்டும் கோடு இவ்வளவு உள்ளே வந்தது? யார் இதற்குப் பொறுப்பு? நடக்க முடியாத ஒரு பெண்ணின் வழியை உடைக்க எப்படி மனசு வருகிறது? கடைசியில் "நகல்" என்று போட்டு, ஆணையர், கலெக்டர் தொடங்கி முதலமைச்சர் அலுவலகம், குடியரசுத் தலைவர் அலுவலகம்வரை பதினாலு முகவரி. எங்கள் தெரு வடிகால் விஷயம் டெல்லிக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது பாருங்கள். தொழிற்சாலையில் அப்படித்தான் பழக்கமாம். எதை எழுதினாலும் கீழே நாலு பேருக்கு நகல் போட்டால்தான் மேலே இருப்பவர் அசைவார் என்றார்.

அந்த மனு செல்லாது என்று படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாறு வருஷம் சும்மாவா உட்கார்ந்திருக்கிறேன்? ஆனால் சொல்லவில்லை. அன்றைக்குக் கடையில் கூட்டம். பெரியவர் இவ்வளவு நம்பிக்கையோடு வந்திருக்கிறார், நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. தொண்ணூறு பக்க வேலை என்பது இன்னொரு காரணம். பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் போட்டு, முதல் பிரதியில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையையும் நானே ஒட்டிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருபத்தெட்டாவது நாள் பதில் வந்தது. சார் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். மனுவில் கேட்டவை விளக்கம் கோரும் வினாக்கள், சட்டப்படி அலுவலகத்தில் ஆவணமாக உள்ள தகவலை மட்டுமே வழங்க இயலும் என்று நாலு வரி. பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்து. கீழே மேல்முறையீடு செய்ய வேண்டியவரின் முகவரி. கடிதத்தில் தப்பு ஒன்றும் இல்லை.

"என் சம்சாரத்தைப் பத்தி எழுதினேனேம்மா. அதைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றார். அவர் குரல் உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முக்கால்வாசி என்மேல். அதையும் அவர்மேல்தான் காட்டினேன்.

"சார், இந்தச் சட்டத்துல ஏன்னு கேட்டா பதில் வராது. ஆபீஸ்ல ஏற்கெனவே காகிதமா இருக்கறதைத்தான் கேக்க முடியும். மேப்பு, ரிஜிஸ்டரு, எஸ்டிமேட்டு, அளவு எழுதின புக்கு. நகல் வேணும்னு கேக்கலாம். இல்லன்னா நேர்ல வந்து ஃபைலைப் பார்க்கறேன்னு கேக்கலாம், மொத ஒரு மணி நேரம் அதுக்குக் காசுகூடக் கிடையாது. எதுக்குக் கேக்கறீங்கன்னு காரணமே சொல்ல வேணாம். நீங்க காரணத்தை மட்டும் ஆறு பக்கம் எழுதியிருக்கீங்க!"

"இது உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

அந்த 'ஏன்' என்ற கேள்விக்கு என்னிடமும் ஆவணம் எதுவும் இல்லை. "தப்புதான் சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி படித்தார். படித்து முடித்து, "டிராயிங்" என்றார்.

"என்ன சார்?"

"ஒரு பார்ட்டு சரியா தப்பான்னு சொல்லணும்னா மொதல்ல டிராயிங்கைத்தான் பார்க்கணும். பன்னெண்டு வருஷம் அதைத்தானே பண்ணேன். எவன் கடைஞ்சான், ஏன் கடைஞ்சான்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. என் வீட்டு வாசல்ல கோடு போட்டதும் புத்தி கெட்டுப்போச்சு பாரு."

அங்கேயே உட்கார்ந்து புது மனு எழுதினோம். ஒரே பக்கம், அதிலும் பாதி காலி. எங்கள் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தந்த வரைபடத்தின் நகல், மழைநீர் வடிகாலின் வடிவமைப்பு வரைபடத்தின் நகல், எங்கள் தெருவில் கோடு போட எடுத்த அளவுகளின் பதிவு. அதோடு இந்தக் கோப்பை நேரில் பார்வையிட அனுமதி. பத்மா அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதி முடித்ததும் சார், "ஆணையருக்கு மட்டும் ஒரு நகல்..." என்று ஆரம்பித்தார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவரோடு நானும் போனேன். தகவல் மனு வாங்கும் பிரிவில் அகல்யா என்று ஒரு இளநிலை உதவியாளர். சாரின் பேரைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பதினாலு சார் நீங்கதானா?"

"எந்தப் பதினாலு?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்துக் காட்டினார். சார் அனுப்பிய நகல்களில் முக்கால்வாசி அதில் இருந்தன. ஒவ்வோர் அலுவலகமும் 'உரிய நடவடிக்கைக்கு' என்று முத்திரை குத்திக் கீழே அனுப்ப, எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தன.

"ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா நம்பர் போட்டு, தனித்தனியா பதில் எழுதணும் சார். உங்க ஒருத்தருக்கே எனக்கு ஒரு வாரம் போச்சு" என்றார். சார் அசடு வழிந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் புது மனுவைப் படித்துவிட்டு, "இது நல்லா இருக்கே. இதை மொதல்லயே கொடுத்திருக்கலாமே" என்றார். நான் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

முப்பது நாள் அவகாசம் அவர்களுக்கு. பள்ளம் தோண்டும் எந்திரமோ இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டது. இன்னும் பதினைந்து நாளில் உங்கள் தெரு என்றார் கோவிந்தராஜ். சார் ராத்திரி தூங்குவதில்லை என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அக்காவிடம் எதையும் சொல்லவில்லை, அவர் முன்னால் சாதாரணமாக இருப்பதற்கே பாதி உயிர் போகிறது என்றார். நானும் நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

ஒன்பதாவது நாள் அகல்யா போன் செய்தார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்து கோப்பைப் பார்க்கலாம்.

சார் தேய்த்த சட்டை போட்டு, மூக்குக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, இரும்பு டேப் மூன்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தார். பொறியாளர் ரவிச்சந்திரன் இரண்டு வரைபடங்களை மேஜைமேல் விரித்தார். சார் முதலில் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்துக்கொண்டே போனார். எனக்குக் கோடும் எண்ணும்தான் தெரிந்தன. அவருக்குத் தெருவே தெரிந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒரு இடத்தில் நின்று, முகம் சிவந்து, "சார், இங்க பாருங்க" என்றார்.

வரைபடத்தில் தெருவின் மையக் கோட்டை இரண்டு எல்லைக் கற்களிலிருந்து அளக்கச் சொல்லியிருந்தது. கோடு போட்ட அளவுக் குறிப்பிலோ 'தார்ச் சாலையின் நடுவிலிருந்து' என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவில் எதிர்ப்பக்கம் டிரான்ஸ்பார்மரும் அடிபம்பும் இருப்பதால் ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் சாலை எங்கள் பக்கம் ஒதுங்கி ஒதுங்கி வந்திருக்கிறது. சாலை ஒதுங்கிய அளவுக்குக் கோடும் உள்ளே வந்துவிட்டது. சார் கணக்குப் போட்டார். மூன்றேகால் அடி.

பொறியாளர் குறிப்பை எடுத்து இரண்டு முறை படித்தார். "ஆமா சார். கல்லுலேர்ந்துதான் அளக்கணும். மறுபடி அளந்துடலாம். மூணேகால் அடி தள்ளினா கோடு சரியா உங்க கேட்டுல வருது. உங்க ரேம்ப் தப்பிச்சுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் எழுந்துவிட்டேன், போகலாம் என்று. சார் எழுந்திருக்கவில்லை.

"சார், இன்னொண்ணு" என்றார். "ரேம்ப் கேட்டோட நிக்கல. ஒன்பது அங்குலம் வெளியே ரோட்டுல இருக்கு. உள்ளே இடம் பத்தல. கடைசியில கொஞ்சம் செங்குத்தா இறக்கி வெளியே விட்டுட்டேன். அது என் தப்பு."

நான் மேஜைக்கடியில் அவர் செருப்பை மிதித்தேன். யார் கேட்டார்கள் இவரை? ஊரெல்லாம் இரண்டடி படி வெளியே நிற்கிறது, இவர் ஒன்பது அங்குலத்துக்கு வாக்குமூலம் கொடுக்கிறார்!

"அதை யாரும் கவனிக்கலையே சார்" என்றார் பொறியாளர்.

"டிராயிங்கைக் காட்டி உங்க கோடு தப்புன்னு சொல்லிட்டேன். அதே டிராயிங் என்னையும் தப்புன்னு சொல்லுதில்ல?"

பொறியாளர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு வடிகால் வரைபடத்தில் வேறொரு படத்தைக் காட்டினார். வடிகாலுக்குமேல் கான்கிரீட் மூடி வரும். அதன் உயரமும் சாய்தளம் கேட்டில் வந்து நிற்கும் உயரமும் அநேகமாக ஒன்றுதான். "அந்த ஒன்பது அங்குலத்தை வெட்டிட்டு கேட்டோட நிறுத்திடுங்க. எங்க மூடி அங்க வந்து சேந்துக்கும். ரோட்டுல இறங்கற பக்கம் சரிவா பூசித் தரச் சொல்றேன்."

வெளியே வந்ததும் சார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சபீனா, வழி நிக்குதும்மா" என்றார். "வழி நிக்குது." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். போகிற வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்குக்கு அழுது முடித்தேன். இரண்டு மாசத்தில் அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

மறுநாளே பொறியாளர் வந்தார். டிரான்ஸ்பார்மர் பக்கத்து மணல் குவியலுக்கடியில் ஒரு எல்லைக் கல், தெருமுனையில் இன்னொன்று. டேப்பின் ஒரு முனையைக் கோவிந்தராஜ் பிடித்துக்கொண்டார், மறுமுனையைச் சார் வேறு யாருக்கும் தரவில்லை.

"அண்ணாத்தே, கேட்டு கரெக்டா கோட்டு மேலயே நிக்குதுபா!" என்று கத்தினார் கோவிந்தராஜ். பழைய கோட்டைத் தானே தேய்த்து அழித்தார். "நானும் இன்னா பண்ணுவேன் சார், தாரு நடுவுலருந்து அளக்கச் சொன்னாங்கோ, அளந்தேன். அக்கா வெளிய வர்ற வயின்னு தெரிஞ்சும் கோடு போட்டுட்டு ஊட்டுக்குப் போனா சோறு எறங்கல." என் வீட்டில் மூன்று படியில் இரண்டு தப்பித்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது அங்குலத்தைச் சார் தன் கையாலேயே உளி வைத்து வெட்டினார். பள்ளம் தோண்டி, கம்பி கட்டி, மூடி போட்டுக் காயப் பதினெட்டு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் பத்மா அக்கா உள்ளேதான் இருந்தார். ஆனால் திரும்பி வரப்போகும் வழிக்காகக் காத்திருப்பது வேறு, இல்லாமல் போன வழியை நினைத்து உட்கார்ந்திருப்பது வேறு. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி கட்டுகிறவர்களிடம் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினார். நான் என் வாசலில் நின்று பார்த்தேன். மேடையில் திரும்பினார்கள். கேட்டுக்கு வந்தார்கள். முன்பெல்லாம் அந்த இடத்தில் கடைசி இறக்கம் செங்குத்தாக இருந்ததால், சார் நாற்காலியை இறுக்கிப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பித்தான் இறக்குவார். இப்போது அங்கே சமமான கான்கிரீட் மூடி, அதிலிருந்து தெருவுக்கு மெல்லிய சரிவு.

அக்கா வலது கையைத் தூக்கினார். சார் நின்றார்.

"விடுங்க" என்றார் அக்கா.

"என்ன?"

"கையை... விடுங்க."

சார் கையை எடுத்தார். எடுத்த கையைக் கீழே போடவில்லை, நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே வைத்திருந்தார். அக்கா வலது கையால் சக்கரத்தை உருட்டி, வலது காலால் தரையைத் தள்ளினார். நாற்காலி கொஞ்சம் இடது பக்கம் இழுத்தது. காலால் நேராக்கினார். மூடியைத் தாண்டியது. சரிவில் மெதுவாக இறங்கித் தெருவில் நின்றது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக யார் கையும் படாமல் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்திருந்தார்.

"பத்மா, எங்கே போறே?" என்றார் சார், கேட்டில் நின்றபடி.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. "சும்மா" என்று சொல்லிவிட்டு, சக்கரத்தை இன்னொரு தடவை உருட்டினார்.